காலிழந்த கொட்டிலும் பசு நீங்கிய கோயிலும்

குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை காண்பது ஒரு கலை. அதற்குக் குறிப்பு எழுதுவது அதனினும் பெரிய கலை. பிறர் எழுதிய குறிப்புகளை வரிசைப்படுத்தி, இது முதலாவது, இது இரண்டாவது என்று தீர்ப்புச் சொல்வதோ கலையும் அன்று, அறிவியலும் அன்று. நட்பை இழப்பதற்கு மிகச் சுருக்கமான வழி அது என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அந்தப் பொறுப்பை ஏற்று நிறைவேற்றிவிட்டேன். நட்பு எதுவும் அறுந்துவிடவில்லை. ஆயினும் தீர்ப்பைப் பற்றி வந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுதுவதைவிட, என் கட்சியை இங்கே ஒருமுறை முழுமையாக வைத்துவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. குறுக்கெழுத்தில் நாட்டமில்லாத அன்பர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். விடயம் கட்டங்களைத் தாண்டிச் செல்கிறது.

திம்புள்ளப் பகுதியில், தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் அக்கம்பக்கத்தில், ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்களுமாகச் சில நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வளர்ந்து இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்ற சிலரும் உண்டு. இவர்கள் தமக்குள் ஒரு சிறு போட்டி வைத்தார்கள். ஒரு சொல் தரப்படும். அதற்கு ஆளுக்கொரு குறிப்பு எழுத வேண்டும். முதற்பரிசு ஒரு கிலோ தேயிலை, அதுவும் திம்புள்ளயின் தரமான பருவமாகிய தை, மாசியில் பறித்தது. தரப்பட்ட சொல்: லயம்.

இங்கே குறிப்பு என்று நான் சொல்வது ஞாயிறு மலர்களில் வரும் 'இந்தியாவின் தலைநகர்' போன்ற நேர்க்குறிப்பை அன்று. ஆங்கிலத்தில் கிரிப்டிக் எனப்படும் மறைகுறிப்பை. அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருள். மற்றது விடையின் எழுத்துகளை எட்டுவதற்கான சொல் விளையாட்டு. இரண்டும் ஒட்டி, மேலோட்டமாகப் படிப்பவருக்கு வேறு எதையோ சொல்லும் ஒரே வாக்கியமாகி நிற்க வேண்டும். தமிழில் இவ்வகைப் புதிர்களைப் பலருக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவர் வாஞ்சிநாதன். கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த தென்றல் மாத இதழில் அவர் அமைத்த புதிர்களைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள்.

குறிப்பு எழுதும் போட்டிக்கு முன்னோடி லண்டன் ஒப்சேவர் பத்திரிகை. அங்கே 1926இல் டோக்கிமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ் புதிர் அமைக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் 1939 முதல் செமினிஸ் என்ற பெயரில் டெரிக் மக்நட் அமைத்தார். 1972இல் ஜொனதன் குரோதர், ஏசெட் என்ற பெயரில் அந்த இருக்கைக்கு வந்தார். முதலிருவரும் சூடிக்கொண்டவை ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர்களின் பெயர்கள். ஏசெட் என்பது டேசா என்ற மற்றொரு விசாரணைத் தலைவரின் பெயரைத் தலைகீழாக்கியது. விடை காண்போரைச் சித்திரவதை செய்பவர்கள் தாம் என்று இவர்கள் தாமே ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம்! ஏசெட் நடத்திய போட்டியில் வாசகர்கள் மாதந்தோறும் ஒரு சொல்லுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவார்கள். புதிர் அமைத்தவரே நடுவர். முடிவுகளோடு, எது ஏன் சிறந்தது, எது ஏன் தவறியது என்று விளக்கும் தாள் ஒன்றும் வரும். ஆர்வலர்கள் பரிசைவிட அந்தத் தாளைத்தான் பெரிதாக மதித்தார்கள் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் உண்டு. 1930களில் ஆனந்த விகடனின் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின. பிற பத்திரிகைகளும் பின்தொடர்ந்தன. அந்த வகைப் போட்டிகளின் தன்மையை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 'மனிதனை உயர்த்துவது __ணம்' என்று ஒரு குறிப்பு. குணமா, பணமா? இரண்டுக்கும் வாதாடலாம். உறையிலிட்டு முத்திரை வைத்த விடை எதுவோ அதுவே சரி. காரணம் கேட்க வழியில்லை. புதிராகத் தொடங்கியது சூதாக முடிந்தது. இந்தியாவில் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளைத் தடுத்தது. குறுக்கெழுத்தை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அதை எதிர்த்துச் சமர்பாக்வாலா என்பவர் தொடுத்த வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளையே கட்டுப்படுத்தும், பெருமளவு திறமையைச் சார்ந்தவற்றை அன்று என்று தெளிவுபடுத்தியது.

திறமைக்கும் சூதுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? என்னைக் கேட்டால், நடுவர் காரணம் சொல்லும் இடத்தில் விழுகிறது என்பேன். காரணம் சொல்லப்படாத தீர்ப்பு, அது எத்தனை சரியாக இருந்தாலும், தோற்றவருக்குச் சீட்டுக் குலுக்கலே. சிநேகபூர்வமான போட்டிதானே, எல்லாருக்கும் 'அருமை' என்று எழுதி அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்டவர்களுக்கும் இதுவே என் பதில். ஒருவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஆறு சொற்களைக் கோத்து அனுப்புகிறார். அவற்றை ஊன்றிப் படித்து, இந்த மூன்றாவது சொல் இடறுகிறது என்று சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. எல்லாருக்கும் 'அருமை' என்பது யாருடையதையும் படிக்கவில்லை என்பதன் மறுபெயர்.

இனி, போட்டிக்கு வந்த குறிப்புகளுக்கு வருவோம். எழுதியவர் பெயர்களை நீக்கியே என்னிடம் தந்தார்கள். அப்படித் தர வேண்டும் என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை. தேயிலையைச் சுவைபார்த்துத் தரம் பிரிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு நான் பின்பற்றிய வழி புதிதாக இராது. அதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் 1980இல் வெளியாயிற்று. நூறு மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு கிராம் தேயிலை. ஆறு நிமிடம் ஊற வேண்டும். எல்லாக் கோப்பைகளுக்கும் ஒரே நிறை, ஒரே நீர், ஒரே நேரம். இவ்வளவும் செய்த பிறகுதான் நாக்குக்கு வேலை. அளவு சமமாக இல்லாத இடத்தில் நாக்கின் தீர்ப்புக்கு மதிப்பில்லை. அளவை மட்டும் வைத்துக்கொண்டு சாயத்தின் சுவையைச் சொல்லவும் முடியாது. குறிப்புக்கும் அப்படியே. முதலில் இலக்கணம், பிறகு சுவை. இந்த வரிசை மாறக் கூடாது.

முதற் கட்டத்திலேயே நின்றுபோன குறிப்புகளில் ஒன்று இது: 'தலையற்ற வட்டம் தோட்டத்தில் குடியிருக்கிறது.' வட்டம் என்றால் வலயம். அதன் தலையெழுத்தை நீக்கினால் லயம். சொல் விளையாட்டில் பழுதில்லை. ஆனால் 'தோட்டத்தில் குடியிருக்கிறது' என்பது லயத்தின் பொருள் அன்று. விடை பெயர்ச்சொல்; பொருளாக நிற்பதோ வினை. லயம் குடியிருப்பதில்லை, அதில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். 'குடியிருக்கிறது' என்பதைக் 'குடியிருப்பு' என்று மாற்றியிருந்தால் தேறியிருக்கும்.

இன்னொன்று: 'ஆலயத்தை விட்டு ஆ வெளியேற லயம் வருமா?' என்ற பாங்கில் அமைந்தது. இதில் விடையே வெளிப்பட்டுவிட்டது என்பது ஒரு புறம். ஆலயத்தை என்பதில் ஆ போனால் எஞ்சுவது 'லயத்தை' அல்லவா? தமிழில் மறைகுறிப்பு எழுதுவோர் ஆங்கில விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஆங்கிலத்தில் வேற்றுமையைப் பெரும்பாலும் தனிச்சொற்கள் காட்டும். பெயர் மாறாமல் நிற்கும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும்; ஒட்டும்போது பெயரையே உருமாற்றும். மரம் மரத்தை ஆகும், ஆலயம் ஆலயத்தை ஆகும். ஆகவே எழுத்துகளை நேரடியாகக் கையாளும் குறிப்பில் சொல் உருபேற்கக் கூடாது. ஒத்த பொருட்சொல்லைத் தந்து அதை வாசகரே மாற்றிக்கொள்ளும் குறிப்பில் உருபு வரலாம். ஏனெனில் உருபு அந்த வேறு சொல்லோடு கழன்று போய்விடும்.

இந்த நுட்பத்தை உணர்ந்து எழுதியவர் ஒருவர் இருந்தார். அவர் குறிப்பு: 'கோயிலை விட்டுப் பசு வெளியேறத் தோட்டக் குடியிருப்பு (3).' கோயில் ஆலயம், பசு ஆ, ஆலயத்திலிருந்து ஆ நீங்கினால் லயம். உருபு கோயிலோடு நின்றுவிட்டது. படிப்பவர் மனத்தில் ஒரு பசு கோயில் வாசலைத் தாண்டி லயத்துப் பக்கம் நடந்து போகிறது. இதை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். ஒரு சொல்லிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாய் நீங்க, வெவ்வேறு பொருள் தருவதை அக்கரச் சுதகம் என்று தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. எழுத்துக் கூடிக் கூடிப் பொருள் மாறுவது எழுத்து வருத்தனம். கேள்விகள் பலவற்றின் விடைகள் சேர்ந்து ஒரு சொல்லாவது வினாவுத்தரம். அதற்கும் வெகு முன்னே தொல்காப்பியம் பிசி என்று விடுகதைக்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தது. குறுக்கெழுத்துக் கட்டம் 1913இல் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்டது. கட்டத்துக்குள் நடக்கும் வித்தை நமக்குப் புதிது அன்று.

'சுருதிக்குத் துணை, தொழிலாளிக்கு மனை (3)' என்று எழுதியவர் மூன்றாம் இடம் பெற்றார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். இரண்டையும் எதுகையோடு அடுத்தடுத்து வைத்துவிட்டார். குற்றம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பொருள்களையும் அறிந்தவருக்கு அது உடனே விடையைச் சொல்லிவிடும். ஒன்றை மட்டும் அறிந்தவருக்கு மற்ற பாதி ஒன்றும் உதவாது.

இந்த இடத்தில்தான் கடிதங்களில் வந்த முதல் ஆட்சேபம் எழுகிறது. 'லயம் என்றால் ஒடுக்கம், தாள இயைபு. தோட்டத்து வீடு என்பது ஒரு வட்டாரத்தின் கொச்சை. மதுரையில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏசெட்டுக்குச் சேம்பர்ஸ் அகராதி போல நமக்கும் ஓர் அகராதி நடுவராக இருக்க வேண்டும் என்றும் யோசனை சொன்னார்.

அகராதி வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தமிழில் ஒரே அகராதி போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்தது. அனுபந்தம் 1939இல் முடிந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்து, 2008இலும் 2020இலும் விரிந்தது. இலங்கை வழக்குகளுக்கு அதில் இடம் உண்டு. இவற்றை மேசையில் வைத்துக்கொண்டே தீர்ப்பு எழுதினேன். அவற்றோடு இன்னோர் அகராதியும் என் கைவசம் இருந்தது. அது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் பேசப்பட்டு வரும் தமிழ். பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, கங்காணி. ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். பாதி நாளுக்கு அரைப்பேர். தன் பெயர் செக்ரோலில் விழுந்தால்தான் கூலி என்ற வாழ்க்கையிலிருந்து பிறந்த சொல் அது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் நாடாளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தெளிவத்தை ஜோசப் இந்த வழக்கிலேயே கதைகள் எழுதினார். இலக்கியம் ஏற்றுக்கொண்ட சொல்லைக் குறுக்கெழுத்து நடுவர் கொச்சை என்று தள்ளுவதற்கு அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

மதுரைக்காரருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. மறைகுறிப்பில் சொல் விளையாட்டு இருப்பதே அதற்காகத்தான். பொருள் தெரியாதவருக்கு அது இரண்டாவது வழி. கோயில், பசு என்ற இரண்டு சொற்களும் உலகத் தமிழர் எல்லார்க்கும் தெரியும். அவற்றைக் கொண்டு லயத்தை எட்டிவிட்ட மதுரைக்காரர், 'ஓ, தோட்டத்தில் வீட்டுக்கு லயம் என்று பெயரா!' என்று தெரிந்துகொள்வார். அறியாத சொல்லுக்கு நேர்மையான வழி காட்டுவதே நல்ல குறிப்பின் அடையாளம். அதனால்தான் சொல் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குச் சொல் விளையாட்டில் கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கனமானது. ஒரு குறிப்பு இப்படி இருந்தது: 'பாட்டன் காலம் முதல் நம் கண்ணீர் காயாத இடம் (3).' அதைப் படித்துச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று எத்தனையோ முறை செய்தியாக எழுதியிருக்கிறோம். இந்த வரியின் பாரம் அந்தச் செய்திகளில் இருந்ததில்லை. ஆயினும் அதற்கு இடம் தரவில்லை. அதில் எழுத்துகளை எட்டுவதற்கு வழி எதுவும் இல்லை. முகாம், சிறை, களம், கல்லறை என்று எதையும் அங்கே நிரப்பிப் பார்க்கலாம். கட்டத்தின் எண்ணிக்கையை வைத்துச் சிலவற்றைக் கழிக்கலாம், அவ்வளவே. அது கவிதை, குறிப்பு அன்று. 'நம் மக்களின் துயரத்துக்கு மதிப்பெண் இல்லையா?' என்று ஒரு நண்பர் எழுதினார். துயரத்துக்கு மதிப்பெண் போடும் தகுதி எனக்கு இல்லை; யாருக்கும் இல்லை. நான் மதிப்பெண் போட்டது குறிப்புக்கு. துயரத்தைக் காட்டிப் பரிசு பெறலாம் என்றாகிவிட்டால், அடுத்த போட்டியில் எல்லாரும் துயரத்தையே எழுதுவார்கள். அதைவிடப் பெரிய அவமதிப்பை அந்தத் துயரத்துக்குச் செய்ய முடியாது.

இனி முதற்பரிசு பெற்ற குறிப்பு: 'காலிழந்த குதிரைக் கொட்டில் தொழிலாளர் குடியிருப்பு (3).'

குதிரைக் கொட்டில் என்றால் லாயம். லகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அடையாளத்துக்குக் கால் என்று பெயர், அரிச்சுவடியிலேயே படித்திருக்கிறோம். அந்தக் காலை எடுத்துவிட்டால் லாயம் லயம் ஆகிறது. படிப்பவர் கண்ணுக்கோ நொண்டிக் குதிரை ஒன்று தெரிகிறது.

கால் என்பது வரிவடிவத்தின் துண்டுதானே, எழுத்து அன்றே, எழுத்துதான் அலகு என்று போட்டி விதியில் இருக்கிறதே என்று ஆட்சேபித்தார்கள். விதி கட்டங்களைப் பற்றியது: ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. அந்த எழுத்தை எப்படி எட்டுவது என்பதை அது கட்டுப்படுத்தவில்லை. மேலும் நெடில் குறிலாகி ஒரு மாத்திரை குறைய வேறு சொல் பிறப்பதை மாத்திரைச் சுருக்கம் என்றே நம் சித்திரகவி மரபு பெயரிட்டு ஏற்றிருக்கிறது. கண்ணுக்குக் கால் போகிறது. காதுக்கு ஒரு மாத்திரை போகிறது. இரண்டு கணக்கும் ஒத்து வரும்போது மறுப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பசுவைவிடக் குதிரை எதில் மேல்? இலக்கணத்தில் இரண்டும் சமம். ஆகவே நாக்கின் முறை வந்தது. பசு கோயிலை விட்டு நடப்பது அழகான கற்பனை; அதற்கும் லயத்துக்கும் உறவில்லை. மற்றதிலோ மேலோட்டப் பொருளும் விடையும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. லயம் என்ற பெயர் ஆங்கிலத்து 'லைன்' என்பதன் திரிபு என்பார்கள். குதிரை லாயத்தோடு தொடர்புபடுத்திப் பேசுவோரும் உண்டு. எது மெய்யாயினும், கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக் காலத்தில் பெருகிய அந்த நீண்ட கூரைகளைப் பார்த்தவர்க்கு அந்த ஒப்புமை தானே தோன்றும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்கள் இருந்ததும் அந்தக் கூரைகளின் கீழ்தான். தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் என்ற திட்டம் வந்த பிறகும், லயத்தில் வாழ்வோர் இன்னும் பலர். இவ்வளவையும் அந்தக் குறிப்பு ஐந்து சொற்களில், குரல் உயர்த்தாமல், விதி ஒன்றையும் மீறாமல் சொல்லிவிட்டது. கண்ணீர்க் குறிப்பை நிராகரித்துவிட்டு இதற்கு மனமிளகியது முரண் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: வாசலைத் தாண்டி வந்த பிறகு மனமிளகுவதில் தவறில்லை. வாசலை எடுத்துவிட்டு இளகுவதுதான் தவறு.

மக்களின் வாழ்விடத்தை விளையாட்டுக்குப் பொருளாக்கலாமா என்று ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். துரையையும் கங்காணியையும் கேலி செய்து பாடிக்கொண்டே கொழுந்து பறித்தவர்கள் இம்மக்கள். சொல்லை வைத்து விளையாடுவது அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்கு அன்று.

அடுத்த போட்டிக்கான சொல்லை என்னையே தரச் சொல்லியிருக்கிறார்கள். கங்காணி என்று கொடுத்திருக்கிறேன். நான்கு எழுத்து, அதன் கடைசி இரண்டில் ஒரு காணி இருக்கிறது. உழைத்தவருக்கு இல்லாத காணி அங்கே எப்படி வந்தது என்பதை எழுதுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வாசலில் நான் அதே அளவுகோலோடு நிற்பேன்.